சிலந்தி அல்லி ஏன் தனித்துப் பூப்பதில்லை

பூச்சி பேசுவது மனிதனுக்கும், மனிதன் பேசுவது பூச்சிக்கும் விளங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு சிலந்தி உண்டு. கூரை மூலையில் வலை கட்டி உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குள் வருவதையும் போவதையும் பார்த்துச் சொல்லிக்கொண்டிருக்கும். பாலில் பல்லி விழுந்தால் சொல்லும். தொட்டில் கயிறு இற்றுப்போனால் சொல்லும். அதை யாரும் பெரிதாக மதித்ததும் இல்லை, விரட்டியதும் இல்லை.

மருதியின் வீட்டிலும் அப்படி ஒரு சிலந்தி இருந்தது.

மருதியும் அவள் புருஷன் சாத்தனும் ஊமைக்குளத்துக்குப் பக்கத்தில் வெங்காயம் போட்டுப் பிழைத்தவர்கள். மற்றக் குளங்களில் தவளைகள் ஊர்வம்பு பேசி ஓயாத காலம் அது. இந்தக் குளத்துத் தவளைகள் மட்டும் வாயைத் திறக்காது. வடகரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். என்ன என்று கேட்டால் தண்ணீருக்குள் போய்விடும். அதனால்தான் ஊமைக்குளம் என்று பெயர்.

அந்த வடகரையில் ஒரு செடி வளர்ந்தது. நீண்ட, பட்டையான, கரும்பச்சை இலைகள். அடியில் வெங்காயம் போலவே ஒரு கிழங்கு, உரிக்க உரிக்கத் தோல். பூ கிடையாது. அதற்குப் பெயர்கூட யாரும் வைக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு குணம் இருந்தது. எதன் பக்கத்தில் கிடக்கிறதோ அதன் வாசனையை அது எடுத்துக்கொள்ளும். பூண்டுக்குப் பக்கத்தில் கிடந்தால் பூண்டு வாசம். வெங்காயத்துக்குப் பக்கத்தில் கிடந்தால் வெங்காய வாசம். அந்தக் குணம் அப்போது யாருக்கும் தெரியாது.

அந்த வருஷம் ஊரில் ஆட்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். கொல்லுப்பட்டறைப் பூதன் ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் எழுந்து போனான், திரும்பவில்லை. பிறகு ஆடு மேய்க்கிற கொற்றி. பிறகு நங்கையின் மாமியார் மூத்தாள், நடக்கவே கோல் வேண்டியவள், கோலை ஊன்றிக்கொண்டு கிடுகிடுவென்று போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். தடம் குளக்கரை வரை போய் நின்றது. வலை போட்டுக் குளத்தை அரித்தார்கள். கெண்டை மீன்தான் வந்தது. குளத்துச் சாமிக்குக் கோபம் என்று பொங்கல் வைத்தார்கள். வடகரையில் அந்தச் செடிகள் கூடிக்கொண்டு வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

மருதிக்கு வீட்டில் வேறு வேதனை இருந்தது. கலியாணமாகி வெகுகாலம் ஆகியும் வயிறு திறக்கவில்லை. சாத்தன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் அவன் எதிரில் அழுததில்லை. அப்படி இருக்கையில்தான் மூலைச் சிலந்தி முட்டைப் பை கட்டியது. வெள்ளை வெளேரென்று, இலவம்பஞ்சை உருட்டி வைத்தது மாதிரி ஒரு பை. கட்டிய நாளிலிருந்து சிலந்திக்கு வேறு பேச்சில்லை.

"மருதி, உள்ள அசையுது பாரேன். எத்தனைன்னு எண்ணவே முடியாது போலிருக்கு."

"சரி."

"இத்தனையும் என் சாயல்ல இருக்குமா, இல்ல..."

"எனக்கு வேலை கிடக்கு."

சிலந்திக்கு மனதில் ஒன்றுமில்லை. சந்தோஷத்தில் வாய் ஓயவில்லை, அவ்வளவுதான். போதாக்குறைக்கு அன்று காலை அது சாத்தனிடம், "உன் பொண்டாட்டி நேத்து அடுப்பு முன்னால உட்கார்ந்து அழுதா. புகைன்னு சொல்லுவா, நம்பாதே," என்று வேறு சொல்லிவிட்டது. சாத்தன் எதுவும் கேட்கவில்லை. அவள் தலையை ஒரு முறை தடவிவிட்டு வயலுக்குப் போனான். அதுதான் மருதிக்குத் தாங்கவில்லை.

மதியத்துக்கு மேல் அவன் ஒரு கூடை வெங்காயம் பிடுங்கி வந்து வைத்தான். குளத்தை ஒட்டிய பாத்தியில் பிடுங்கியது. மருதி அருவாமனையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"மருதி," என்றது மூலையிலிருந்து குரல். "அந்தக் கூடையில ஒன்னு மூச்சு விடுது."

மருதி நிமிரவில்லை.

"மத்ததெல்லாம் சும்மா கிடக்கு. ஒன்னு மட்டும் மூச்சு விடுது. என் நூல்ல தெரியுது. அதை எடுத்துச் சமைக்காதே."

"இந்த வீட்ல என்ன சமைக்கணும்னும் இனி நீதான் சொல்லணுமா?"

"கோபப்படாதே. நான் பிள்ளைகளை வச்சிருக்கேன், கண்டதும் வீட்டுக்குள்ள வந்தா எனக்குப் பயம்..."

மருதி எழுந்தாள். துடைப்பத்தை எடுத்தாள். மூலையை ஒரே இழுப்பாக இழுத்தாள். வலை, வலையில் தொங்கிய பழைய ஈ, வெள்ளைப் பை எல்லாம் துடைப்பத்தில் சுற்றிக்கொண்டன. சிலந்தி மட்டும் தாவி உத்தரத்தில் ஒட்டிக்கொண்டது. அவள் துடைப்பத்தைக் கொல்லையில் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் உதறிவிட்டு வந்தாள். 

மறுபடி உட்கார்ந்து வெங்காயம் அரிந்தாள். பெரிதாக இருந்த ஒன்று அரியும்போது கண் கரிக்கவில்லை. வாசம் வெங்காய வாசம்தான், ஆனால் கண்ணில் ஒரு சொட்டு நீர் வரவில்லை. அதைக் கவனிக்கத்தான் செய்தாள். அழுகிற வேலை எனக்கு முடிந்துவிட்டது போல என்று நினைத்துக்கொண்டு குழம்பில் போட்டாள்.

சாத்தன் முதலில் சாப்பிட்டான். அவனுக்குப் பரிமாறிவிட்டுத்தான் அவள் உண்பது. "இன்னிக்குக் குழம்பு தனி ருசி," என்றான். இரண்டாம் முறையும் வாங்கினான். பிறகு கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

"ஏய்யா, கை காயுது பாரு."

அவன் வடக்குப் பக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"அங்க ஈரமா இருக்கும்ல?" என்றான்.

"எங்கய்யா?"

"குளுகுளுன்னு இருக்கும். எல்லாரும் பக்கத்துல பக்கத்துல இருப்பாங்க." அவன் சிரித்தான். சாத்தனின் சிரிப்புதான். ஆனால் அவளைப் பார்த்துச் சிரித்ததல்ல.

வெயில் இறங்கியதும் அவன் எழுந்து, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். சோற்றில் கை வைக்காமலே மருதி பின்னால் ஓடினாள். கூப்பிட்டால் திரும்பவில்லை. வேகமாகவும் போகவில்லை. சந்தைக்குப் போகிறவன் மாதிரி நிதானமாக நடந்து, வடகரைச் சேற்றில் இறங்கி, அந்தச் செடிகளுக்கு நடுவில் காலி இடம் ஒன்றைப் பார்த்து நின்றுகொண்டான். அவனுக்கென்று விட்டு வைத்த இடம் மாதிரி இருந்தது அது. சேறு கணுக்காலை மூடியது. துண்டு தோளிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்தது.

மருதி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு கால் சேற்றிலிருந்து பாதி வெளியே வந்தது. குதிகாலிலிருந்து வெள்ளை வெள்ளையாக வேர்கள் மண்ணுக்குள் போயிருந்தன.

அவள் மறுபடி இழுத்தபோது ஒரு குரல் கேட்டது. சாத்தன் வாய் மூடித்தான் இருந்தது. குரல் பக்கத்துச் செடியிலிருந்து வந்தது.

"விடு மருதி. வலிக்குது."

பட்டறைப் பூதனின் குரல். அவன் தும்மினால்கூட ஊருக்கே தெரியும், அப்படிப்பட்ட குரல். இப்போது இலைக்கு அடியிலிருந்து மெதுவாக வந்தது. "இழுக்காதே தாயி. ஒருத்தனை இழுத்தா எங்க எல்லாருக்கும் வலிக்குது."

சுற்றிலும் இலைகள் அசைந்தன. காற்று இல்லை. மருதிக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கொற்றி எங்கே, மூத்தாள் எங்கே, செடிகள் ஏன் பெருகின, கூடையில் மூச்சு விட்டது எது.

அவள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அன்று சொன்னாள். "சாத்தா! சாத்தா!" என்று கத்தினாள். அவன் மெல்லத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். எங்கோ கண்ட முகம் என்பது மாதிரிப் பார்த்தான். சேறு முழங்காலுக்கு ஏறியது.

மருதி வீட்டுக்கு ஓடினாள். உத்தரத்தைப் பார்த்துக் கையேந்தினாள்.

"அக்கா, நீ சொன்னது சரி. அவரைக் குளம் இழுக்குது. உனக்குத்தான் இது தெரியும். வந்து காப்பாத்து."

சிலந்தி அசையவில்லை. வலை இல்லாத சிலந்தி அத்தனை சின்னதாகத் தெரிந்தது.

"என் பையைக் கொடு," என்றது.

"முதல்ல வா. வந்த பிறகு தேடித் தரேன்..."

"என் பையைக் கொடு."

மருதி கொல்லைக்கு ஓடிக் குப்பைக்குழியில் இறங்கினாள். சாம்பல், சருகு, வெங்காயத் தோல். இரண்டு கையாலும் வாரி வாரிப் பார்த்தாள். பை இல்லை. குழியின் ஓரத்தில் எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வரிசையின் நடுவில் வெள்ளையாக ஒன்று ஆடி ஆடிப் போனது.

"அதைக் கொடுங்க. அது என்னுது."

"கீழ விழுந்தது எங்களுது," என்றது முன்னால் போன எறும்பு, நிற்காமல்.

"நான்தான் தெரியாம எறிஞ்சேன்."

"எறிஞ்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

பிடுங்கினால் பை கிழிந்துவிடும். அவள் அடுக்களைக்குப் போய் வீட்டிலிருந்த கருப்பட்டி வட்டு முழுவதையும் கொண்டுவந்து வைத்தாள். எறும்புகள் சுற்றிப் பார்த்தன. தங்களுக்குள் பேசின. எறும்புகள் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்வதில்லை. மருதி குழிக்குள் முட்டி போட்டு, குளம் இருந்த பக்கம் பார்த்துப் பார்த்துக் காத்திருந்தாள். மேற்கே சிவப்பு வடிந்துகொண்டிருந்தது. கடைசியில் அவை பையைக் கீழே வைத்துவிட்டுக் கருப்பட்டிக்குப் போயின.

சிலந்தி பையைத் தடவிப் பார்த்தது. ஒவ்வொரு காலாலும் தடவியது. ஒரு பக்கம் லேசாக நைந்திருந்தது. உள்ளே அசைவு இருந்தது. பையை உத்தரத்து இடுக்கில் வைத்துவிட்டு மருதியின் தோளில் இறங்கியது. "ஓடு," என்றது.

அவர்கள் போனபோது வடகரையில் யாரும் இல்லை. காலி இடமும் இல்லை. அங்கே ஒரு செடி நின்றது. இலைகள் அப்போதுதான் தண்ணீரிலிருந்து எடுத்த மாதிரி நனைந்திருந்தன. பக்கத்தில் துண்டு கிடந்தது.

மருதி துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்துவிட்டாள். சிலந்தி அவள் தோளிலிருந்து இறங்கித் தரையில் நின்றது. 

"நீ கூப்பிட்டதும் நான் வந்திருந்தா முழங்காலோட நின்னிருப்பான்," என்றது சிலந்தி. "அறுத்து எடுத்திருக்கலாம். எனக்கு அது தெரியும். தெரிஞ்சுதான் பையைக் கேட்டேன்."

மருதி அதைப் பார்த்தாள். காலைத் தூக்கி மிதித்தால் தடுக்க யாரும் இல்லை.

"நான் துடைப்பத்தை எடுக்காம இருந்திருந்தா நீ கேட்டிருக்க மாட்டே," என்றாள்.

"அவனைத் திருப்ப முடியாது. வேர் முழுசா இறங்கியாச்சு."

"தெரியுது."

"ஆனா இன்னொருத்தி அடுப்புல இது போகாம என்னால பண்ண முடியும்." சிலந்தி புதுச் செடியின் பக்கம் நகர்ந்தது. "இது இரவல் வாசனையிலதான் வீட்டுக்குள்ள நுழையுது. வாசனையும் ஒரு நூல்தான், மருதி. ஒரு முனை கிழங்குல இருக்கு, இன்னொரு முனை உங்க மூக்குல. நூல் எதுவானாலும் எனக்கு இழுக்கத் தெரியும். அடியில இருக்கிறதை மேல இழுத்துட்டா கிழங்குல வாசம் இருக்காது. மோந்து பார்த்தாலே தெரிஞ்சுபோகும்."

"இழுத்துட்டு வந்துடுவியா?"

"விட்டா திரும்ப உள்ள போயிடும். பிடிச்சுக்கிட்டே இருக்கணும்."

மருதிக்கு, வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. நங்கையின் வீட்டு அடுப்பு நினைவுக்கு வந்தது, கொல்லன் வீட்டில் மிச்சமிருந்தவர்கள் நினைவுக்கு வந்தார்கள். மடியிலிருந்த துண்டு ஈரமாக இருந்தது. அவள் சொல்லவில்லை.

"உன் பிள்ளைங்க?" என்று மட்டும் கேட்டாள்.

"உன் உத்தரத்துல இருக்கட்டும். பொரிஞ்சா தானா பிழைச்சுக்கும். பெருக்கும்போது பார்த்துப் பெருக்கு."

சிலந்தி இலையில் ஏறிச் செடியின் நடுவே போய் உட்கார்ந்தது. தன் நூலைக் கீழே விட்டது. இழுக்கத் தொடங்கியதும் அதன் அடியிலிருந்து பச்சையாக ஒரு தண்டு கிளம்பி அதைத் தூக்கிக்கொண்டு உயர்ந்தது. முதலில் வெங்காய வாசம் வந்தது. பிறகு பட்டறைக் கரி வாசம். ஆட்டுமந்தை வாசம். மூத்தாள் மெல்லும் வெற்றிலை வாசம். அதற்குப் பின், வெயிலில் நின்றுவிட்டு வந்த சாத்தனின் முதுகு வாசம். மருதி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாம் ஒன்றோடொன்று கலந்து, இன்னதென்று சொல்ல முடியாத ஒரு கனத்த இனிய மணமாக மாறிக் கரை முழுக்க நின்றது.

சிலந்தி ஆறு கால்களை வெளியே நீட்டி விரித்தது. இரண்டு காலைத் தண்டுக்குள் இறக்கி நூலைப் பிடித்துக்கொண்டது. விரித்த கால்களுக்கு நடுவில் மெல்லிசாக ஒரு வலை பின்னியது, கிண்ணம் மாதிரி. அது பின்னிக்கொண்டிருக்கும்போதே கால்கள் வெளுத்தன. முழுக்க வெள்ளையானதும் அசைவு நின்றது.

குளத்தில் ஒரு தவளை, "பூத்துருச்சு," என்றது. அந்தக் குளத்துத் தவளை பேசிய முதல் வார்த்தை அது.

மறுநாள் பொழுது சாயும்போது கரையிலிருந்த ஒவ்வொரு செடியிலும் அதே பூ இருந்தது.

மருதி ஊரைக் கூட்டி நடந்ததைச் சொன்னாள். துடைப்பம் எடுத்ததையும் மறைக்கவில்லை. கூட்டத்தில் யாரோ, எல்லாவற்றையும் பிடுங்கிக் கொளுத்துங்கள் என்றார்கள். உடனே நங்கை முன்னால் வந்தாள்.

"அதுல எங்க அத்தை இருக்கு. கொளுத்த விட மாட்டேன்."

"தரையில விட்டா பக்கவாட்டுல ஊர்ந்து திரும்ப வெங்காயப் பாத்திக்கு வந்துடும் நங்கை," என்றாள் மருதி.

"அப்ப தரையில வைக்க வேண்டாம். பானையில வைப்போம். பானையைத் தாண்டி எங்க போகும்?"

அப்படித்தான் அவரவர் தங்கள் ஆளைத் தோண்டி எடுத்தார்கள். பூதன் பக்கத்தில் அவன் இடுக்கி கிடந்தது. மூத்தாளின் கோல் இலைகளுக்குள் மறைந்து சேற்றில் குத்திட்டு நின்றது. மருதி சாத்தனை இரு கையாலும் ஏந்தி வீட்டுக்குக் கொண்டுவந்து, இருந்ததிலேயே பெரிய பானையில் வைத்தாள். மண்ணைத் தள்ளும்போது கிழங்கின் கழுத்து வரை வந்து கை நின்றுவிட்டது. கழுத்தை மூடினால் மூச்சு முட்டும் என்று தோன்றியது. கழுத்துக்குக் கீழேயே மண்ணை நிறுத்தித் தண்ணீர் விட்டாள்.

இலைகள் செழித்தன. ஆனால் கரையில் பூத்த பூ அதற்குப் பிறகு பூக்கவே இல்லை. மழை வந்து போயிற்று, வெயில் வந்து போயிற்று. வாசலில் பெரிய பானையின் நடுவே அது ஒற்றையாக நின்றது. மருதி எருப் போட்டாள். நிழலுக்கு மாற்றினாள், வெயிலுக்கு மாற்றினாள். பக்கத்தில் உட்கார்ந்து அன்றாடம் நடந்ததைச் சொல்லிப் பார்த்தாள். ஊரில் எந்த வீட்டிலும் பூக்கவில்லை. கிழங்கின் தோலைக் கிள்ளி முகர்ந்தால் வாசமில்லை, சிலந்தி நூலை விடவில்லை என்பது அதிலிருந்து தெரிந்தது. ஆனாலும் மருதிக்கு மனது ஆறவில்லை.

ஒரு நாள் நங்கை தன் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பானை விளிம்பு உடைந்திருந்தது.

"அத்தைக்கு ஏதோ குறை," என்றாள். "இலையெல்லாம் ஒரே பக்கமா சாயுது. திருப்பி வச்சாலும் உன் வீட்டுப் பக்கமே சாயுது."

மருதி தன் செடியைப் பார்த்தாள். அதுவும் நங்கை வீட்டுப் பக்கம்தான் சாய்ந்திருந்தது.  சாப்பிட்ட கையோடு சுவரைப் பார்த்துக்கொண்டு சாத்தன் கடைசியாகச் சொன்னது காதில் கேட்டது.

"பக்கத்துல பக்கத்துல இருப்பாங்கன்னு சொன்னாரு," என்றாள்.

இருவரும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார்கள். சிலர் தரமாட்டேன் என்றார்கள். பூதன் பொண்டாட்டி பானையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டுக் கொடுத்தாள். கொற்றிக்கு வீட்டில் யாருமில்லை, அவள் கிழங்கை ஊரே கொண்டுவந்தது. எல்லாரையும் மருதி ஒரே பானையில் வைத்தாள், கழுத்து மேலே இருக்க, தோளோடு தோள் இடிக்க, நடுவில் விரல் நுழைய இடமில்லாமல்.

அடுத்த மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை, அவள் வாசலுக்கு வந்தபோது தண்டுகள் கிளம்பியிருந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முதல் மொட்டு நெகிழ்ந்தது. ஆறு வெள்ளைக் கால்கள் வெளியே வளைந்தன. நடுவில் மெல்லிய கிண்ணம் விரிந்தது. அந்தக் கனத்த மணம் எழுந்து தெரு முழுக்கப் போயிற்று. வீடுகளிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து நின்றார்கள்.  அவரவர் மூக்குக்கு அவரவர் ஆள் வந்துவிட்டுப் போனது. மருதி கண்ணை மூடி நின்றாள். வெயிலில் நின்றுவிட்டு யாரோ அவளுக்கு மிக அருகில் வந்து, ஒன்றும் சொல்லாமல் நின்றது மாதிரி இருந்தது. கண்ணைத் திறக்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

சிலந்தி அல்லியை அகலமான தொட்டியில் ஒற்றையாக வைத்தால் வெறும் இலையாகவே நிற்பதும், கிழங்குகள் பெருகி நெருங்கித் தொட்டியே வெடிக்கும் போலானதும் பூப்பதும், பூத்தாலும் பொழுது சாய்ந்த பிறகே மணப்பதும் அந்த மாலையில் தொடங்கிய வழக்கம்தான்.